வழக்குரைப்பார் இல்லாதவர்: குற்ற வழக்கில் ஏழையின் தற்காப்பும் சட்ட உதவியின் வரலாறும்

மதுரையில் கோவலன் கொலையுண்ட கதையைப் பள்ளியில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார். ஆண்டுதோறும் அதனை மாணவர்க்கு நடத்தி வரும் ஆசிரியனாகிய எனக்கு அப்போதெல்லாம் ஓர் எண்ணம் எழுவதுண்டு. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை முன்னே வருகிறது. வழக்குரை காதை பின்னே வருகிறது. கையில் சிலம்போடு பிடிபட்டவன் அயலூரான். அவனுக்காக ஒரு சொல் சொல்வார் அரண்மனையில் எவரும் இல்லை. பொற்கொல்லன் சொன்னதே சாட்சியாயிற்று, அதுவே தீர்ப்புமாயிற்று. கண்ணகி வந்து வழக்குரைத்தபோது உண்மை விளங்கியது. ஆனால் உயிர் போய்விட்டிருந்தது. வழக்குரை முன்னே வந்திருந்தால் கொலைக்களம் நேர்ந்திராது.

குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுக்காக உரிய காலத்தில் வழக்குரைப்பார் ஒருவர் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இன்று உலகம் ஏற்ற கொள்கையாகும். அதனை ஏழை நாடுகள் எவ்வாறு நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றன, நம் நாடு அதில் எவ்வளவு தூரம் வந்துள்ளது, இன்னும் எவ்வளவு தூரம் உள்ளது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் சிறைச்சாலையைப் பற்றி எழுதுவது பொருத்தமா எனச் சில அன்பர்கள் கேட்கக்கூடும். அதற்குரிய காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

2009-ஆம் ஆண்டில் நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியனாகப் பணியாற்றினேன். என்னிடம் பயின்று, பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த நம் தெரு இளைஞன் ஒருவன், திருவிழாவில் நேர்ந்த ஒரு தகராறில் கைது செய்யப்பட்டான். அவனோடு மேலும் அறுவர். அவன் தந்தை கூலி வேலை செய்பவர். ஒருநாள் காலையில் பள்ளி வாயிலில் வந்து நின்று, “சார், நல்ல பையன்னு ஒரு காகிதம் எழுதிக் குடுங்க” என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். அந்தக் காகிதத்தை எவரிடம் கொடுப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவ்விளைஞன் ஐந்து மாதம் சிறையில் இருந்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவனது காவல் நீட்டிக்கப்பட்டது. அவன்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுக்கு 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், அவன் கேட்ட மாத்திரத்தில் பிணை கொடுத்தாக வேண்டும் என்பது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு. அறுபதாம் நாள் கடந்தது. குற்றப்பத்திரிகை வரவில்லை. பிணை கேட்பாரும் இல்லை. இறுதியில் பிணை கிடைத்தபோதோ, வீட்டு வரி ரசீது உடைய இருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றனர். நம் தெரு புறம்போக்கில் அமைந்தது. பட்டாவும் இல்லை, ரசீதும் இல்லை. பருவத்தேர்வு போயிற்று, படிப்பும் போயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரிக்கப்பட்டுக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுதலையானான்.

இதில் என் நெஞ்சை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த எவருக்கும், அவர் வருமானம் எவ்வளவு என்று பாராமலே, அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை 1995 முதல் நடைமுறையில் இருந்தது. பி.ஏ., பி.எட். படித்த நான் அதனை அறியேன். அறிந்திருந்தால் அக்காகிதத்திற்குப் பதிலாக வேறொரு காகிதம் எழுதியிருப்பேன். அறியாமையால் ஓர் இளைஞனின் படிப்பு அழியுமாயின், அது கல்விச் சங்கத்தின் கவலையே அன்றோ?

வெள்ளையர் காலம்

இவ்வுரிமை திடீரென வானத்திலிருந்து இறங்கியதன்று. வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பெற்ற 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்து வாதாடலாம் என்று கூறிற்று. வைத்துக்கொள்ளலாம் என்றதே தவிர, வைக்க வழியில்லாதவனுக்கு அரசு வைத்துத் தரும் என்று கூறவில்லை. தூக்குத் தண்டனை விதிக்கத்தக்க வழக்குகளில் மட்டும் நீதிமன்ற விதிகளின்படி அரசுச் செலவில் வக்கீல் அமர்த்தும் வழக்கம் இருந்தது. கழுத்துக்குக் கயிறு வரும்போது மட்டுமே ஏழைக்குத் துணை கிடைத்தது எனலாம்.

இதில் கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், நீதிமன்றக் கட்டணம் செலுத்த இயலாத ஏழையும் சொத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று வழி செய்தது. சொத்துக்காக வழக்காடும் ஏழைக்கு இருந்த அந்தச் சிறு சலுகை, தன் உடலின் விடுதலைக்காக நிற்கும் ஏழைக்கு இல்லை. 1924-இல் பம்பாயில் சட்ட உதவிச் சங்கம் ஒன்று தோன்றியது. நல்ல உள்ளம் படைத்த வழக்கறிஞர்கள் சிலர் கருணையின் பேரில் செய்த தொண்டு அது. கருணை போற்றத்தக்கதே. ஆயினும் கருணை வேறு, உரிமை வேறு. கருணை கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. உரிமையோ கேட்பவரின் கையில் இருப்பது.

அண்ணல் அம்பேத்கரும் 22-ஆம் பிரிவும்

அரசியலமைப்பு அவையில் இப்பொருள் எழுந்தபோது அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய பணியை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். உயிரையும் உடலுரிமையையும் பற்றிய பிரிவில், முறையான நீதி நெறி என்னும் பொருள்படும் சொற்றொடரை நீக்கிவிட்டு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி எவரையும் சிறை வைக்கலாம் என்னும் வாசகத்தை அவை ஏற்றிருந்தது. சட்டமன்றம் எதனையும் சட்டமாக்கி எவரையும் அடைத்துவிடலாமே என்னும் மனக்குறை நாடெங்கும் எழுந்தது. அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய, 1949 செப்டம்பர் 15-ஆம் நாள் அம்பேத்கர் 15அ என்னும் புதிய பிரிவை முன்மொழிந்தார். அதுவே இன்றைய 22-ஆம் பிரிவு. கைதானவருக்குக் காரணம் தெரிவித்தல் வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துதல் வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் அவரைக் கொண்டு வாதாடவும் உரிமை உண்டு. இம்மூன்றையும் எந்த அரசும் தொடாதவாறு அடிப்படை உரிமையாக்கினார் அவர். விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு அதே பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது.

ஆயினும் விரும்பும் வழக்கறிஞரை வைக்கும் உரிமை, பொருள் இல்லாதவனுக்கு எவ்வாறு பயன்படும்? 1951-இல் இவ்வினா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஹைதராபாத் தெலங்கானா உழவர் கிளர்ச்சியில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்ற சிலர், தங்களுக்கு வழக்கறிஞர் இன்றியே விசாரணை நடந்தது என முறையிட்டனர். ஜனார்த்தன ரெட்டி வழக்கு என அது வழங்கப்பெறுகிறது. வழக்கறிஞர் இல்லாமை ஒன்றினாலேயே விசாரணை செல்லாததாகிவிடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1932-லேயே, அலபாமா மாநிலத்துக் கறுப்பின இளைஞர்களின் வழக்கில், தூக்குத் தண்டனை விதிக்கத்தக்க வழக்கில் தக்க வழக்கறிஞர் இன்றி நடத்தும் விசாரணை செல்லாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. நம் நாட்டில் அந்நிலை வர மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

குழுக்களின் காலம்

இடைப்பட்ட ஆண்டுகளைக் குழுக்களின் காலம் எனலாம். 1949-இல் பம்பாய் அரசும் மேற்கு வங்க அரசும் தனித்தனியே குழுக்களை அமைத்தன. 1958-இல் வெளிவந்த சட்ட ஆணையத்தின் பதினான்காவது அறிக்கை, ஏழைக்குச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என வலியுறுத்தியது. மைய அரசு ஒரு திட்டத்தை வரைந்து மாநிலங்களுக்கு அனுப்பியது. பணம் இல்லை என்று மாநிலங்கள் கூறின. அறிக்கைகள் அடுக்கில் இருந்தன. ஏழைகள் சிறையில் இருந்தனர்.

இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். மலபார்ப் பகுதியில் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் வழக்காடிய அவர், 1948-இல் பொதுவுடைமைக் கட்சியினருக்குச் சட்ட உதவி செய்தார் என்னும் பெயரால் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். பின்னர்க் கேரளத்தில் அமைச்சராகவும், உச்ச நீதிமன்ற நீதியரசராகவும் விளங்கினார். அவர் தலைமையில் அமைந்த குழு 1973-இல் அளித்த அறிக்கையும், பின்னர் அவரும் நீதியரசர் பி. என். பகவதியும் சேர்ந்து அளித்த அறிக்கையும் இந்நாட்டின் சட்ட உதவிக்கு அடித்தளமாயின. சட்ட உதவி நகரத்து நீதிமன்ற வளாகத்தில் மட்டும் காத்திருத்தல் கூடாது, அது சேரிக்கும் சிற்றூருக்கும் நடந்து வருதல் வேண்டும் என்பதே அவ்விருவரின் கருத்தின் சாரமாகும்.

1973-ஆம் ஆண்டுப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு, அமர்வு நீதிமன்ற வழக்குகளில் வசதியற்றவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்துவதைக் கட்டாயமாக்கியது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வாயிலாக 39அ என்னும் பிரிவு அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்றது. பொருளாதாரக் குறைவினால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, அதற்காக அரசு இலவசச் சட்ட உதவி அளித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நெருக்கடி நிலை நிலவி, எத்தனையோ பேர் விசாரணையின்றிச் சிறையில் இருந்த காலத்தில் இத்தகைய நற்பிரிவு ஒன்று பிறந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தீர்ப்புகள் திறந்த கதவுகள்

1978-இல் ஹோஸ்கோட் வழக்கில், தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாக, உரிய காலத்தில் அளித்தலும், மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரை அளித்தலும் அரசின் கடமை எனக் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் மோத்திராம் என்னும் கொத்தனாரின் வழக்கு வந்தது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நடுவர், வேறு மாவட்டத்தில் சொத்து உள்ளவர் என்பதற்காக அக்கொத்தனாரின் உடன்பிறந்தவரை ஏற்க மறுத்தார். ஏழையிடம் இல்லாததைக் கேட்பது பிணை மறுப்பதற்கே ஒப்பாகும் என உணர்ந்த உச்ச நீதிமன்றம், தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து விடுவித்தது. பட்டா இல்லாத நம் தெருக்களில் வாழ்வோர் மனத்தில் பதிக்க வேண்டிய தீர்ப்பு இது.

1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. பீகார்ச் சிறைகளில் விசாரணைக் கைதிகள் படும் பாட்டைக் காவல்துறை உயரதிகாரியாக இருந்த கே. எஃப். ருஸ்தம்ஜி செய்தித்தாளில் எழுதினார். அதனைப் படித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். தாம் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்திற்கு உரிய முழுத் தண்டனைக் காலத்தையும் கடந்து, விசாரணையே தொடங்காமல் அடைபட்டுக் கிடந்தவர்கள் அச்சிறைகளில் இருந்தனர். விரைந்த விசாரணையும், வசதியற்றவருக்கு வழக்கறிஞரும் 21-ஆம் பிரிவு தரும் உயிருரிமையின் பகுதிகளே என்று பகவதி தீர்ப்பளித்தார். இவ்வழக்கின் பயனாக ஏறத்தாழ 40,000 பேர் விடுதலை பெற்றனர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது.

1981-இல், பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் இரண்டைத் தெளிவாக்கிற்று. முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும் வேளையிலேயே சட்ட உதவி உரிமை தொடங்குகிறது. அவ்வுரிமை உண்டென்று கைதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நடுவரின் கடமை. நிதி இல்லை என்பது அரசின் விடையாக இருத்தல் கூடாது. 1983-இல் ஷீலா பர்சே என்னும் பத்திரிகையாளரின் கடிதத்தை ஏற்று, கைது செய்தவுடன் காவல்துறை அருகிலுள்ள சட்ட உதவிக் குழுவுக்குத் தெரிவித்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. 1986-இல் அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக்தாஸ் என்பவரின் வழக்கில், உரிமையைக் கேட்கவில்லை என்பது காரணமாகாது, உண்டென்று சொல்லாமலே நடந்த விசாரணையின் தண்டனை செல்லாது என்று தள்ளுபடி செய்தது. எழுத்தறிவும் சட்ட அறிவும் இல்லாதவனை நோக்கி, நீ ஏன் கேட்கவில்லை என வினவுவது நீதியாகாது என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது.

இவற்றின் பயனாக 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பெற்றது. அது நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9-ஆம் நாளில்தான். எட்டாண்டுகள் ஏட்டில் உறங்கிற்று அச்சட்டம். தேசிய, மாநில, மாவட்ட ஆணைக்குழுக்களும் வட்டச் சட்டப்பணிகள் குழுக்களும் இதன்படி அமைந்தன. இதன் 12-ஆம் பிரிவில் முதலாவதாகக் குறிக்கப்பெற்றவர்கள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஆவர். பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் ஆகியோரும் வருமான வரம்பின்றி இவ்வுதவிக்கு உரியவர்கள்.

பிற நாடுகளில்

இம்முயற்சியில் நாம் தனித்து இல்லை. தென்னாப்பிரிக்காவில் சட்ட உதவி வாரியத்திற்கான சட்டம் 1969-இல், நிறவெறி ஆட்சியின் போதே வந்தது. ஆயினும் கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர் வழக்கறிஞர் இன்றியே தண்டிக்கப்பட்டனர். 1988-இல் நேட்டால் நீதிமன்றம் ஒன்று ஏழைக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கூற, 1992-இல் மேல் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. ஆட்சி மாறிய பின், 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு, வழக்கறிஞர் இல்லாவிடில் பெரும் அநீதி நேருமாயின் அரசுச் செலவில் அமர்த்துதல் வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் தனியார் வழக்கறிஞர்களுக்கு வழக்குதோறும் கட்டணம் கொடுத்தனர். கட்டணச் சுமையால் அம்முறை தள்ளாடியது. பின்னர் மாதச் சம்பளத்தில் முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்திய நீதி மையங்களை நாடெங்கும் திறந்தனர்.

மலாவி என்பது ஆப்பிரிக்காவின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. அங்கே வழக்கறிஞர்களின் தொகையே மிகக் குறைவு. அவர்களும் நகரங்களில் இருந்தனர். கைதிகளுக்கு எல்லாம் வழக்கறிஞர் தருவது நடவாத செயல். எனவே அவர்கள் வேறு வழி கண்டனர். 2000-ஆம் ஆண்டில், சட்டம் பயிலாத, ஆனால் அடிப்படைச் சட்டப் பயிற்சி பெற்ற எட்டுத் தொண்டர்களை நான்கு பெரிய சிறைகளுக்குள் அனுப்பினர். பிணை என்றால் என்ன, நடுவர் முன் எவ்வாறு பேச வேண்டும் என்பவற்றை அவர்கள் பாட்டாகவும் நாடகமாகவும் கைதிகளுக்குக் கற்பித்தனர். கைதிகளே நடுவராகவும் அரசு வழக்கறிஞராகவும் நடித்துப் பழகினர். காலம் கடந்து அடைபட்டோர் பட்டியலைத் தொண்டர்கள் தொகுக்க, நடுவர்களே சிறைக்கு வந்து நீதிமன்றம் நடத்திப் பலரை விடுவித்தனர். மலாவியின் தலைநகரான லிலாங்வேயில் 2004-இல் ஆப்பிரிக்க நாடுகள் கூடி, சட்ட உதவி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. 2012-இல் ஐக்கிய நாடுகள் அவை இதற்கென நெறிமுறைகளை ஏற்றபோது, சட்டத் தொண்டர்களின் பணியும் அதில் இடம்பெற்றது. வகுப்பறையில் நடிப்பின் வழியே பாடம் சொல்லும் ஆசிரியனாகிய எனக்கு, அந்த எட்டுப் பேரும் நல்லாசிரியர்களாகவே தோன்றுகின்றனர்.

இன்றைய நிலை

சட்டம் இருக்கிறது, ஆணைக்குழு இருக்கிறது. ஆயினும் 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காதவர்கள். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 விழுக்காடு. பள்ளியில், அலுவலகத்தில், நிலத்தில் நமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று முறையிடுகிறோம். பங்குக்கு மிஞ்சி நமக்குக் கிடைத்திருக்கும் இடங்களுள் சிறைச்சாலையும் ஒன்று. அச்சிறைக்குள்ளும் சாதி பார்த்து வேலை பகிரும் விதிகள் இருந்தன. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

உதவி ஏன் சென்று சேரவில்லை? வழக்குக்கு வழக்கு அமர்த்தப்படும் வழக்கறிஞருக்குக் கிடைக்கும் கட்டணம் சிறிது; அவர் தம் சொந்த வழக்குகளை விட்டுச் சிறைக்குச் சென்று கட்சிக்காரரைக் காண்பது அரிது. உதவி பெரும்பாலும் நீதிமன்றத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பே காவல் நிலையத்தில் நிகழ வேண்டியவை நிகழ்ந்துவிடுகின்றன. இலவசமாகக் கிடைப்பது தரமற்றது என்னும் எண்ணத்தால் நம் மக்கள் நகையை அடகு வைத்து வக்கீல் வைக்கின்றனர். நகை தீர்ந்ததும் வக்கீலும் வருவதில்லை. இக்குறைகளை நீக்கும் பொருட்டு 2022 முதல், குற்ற வழக்குகளுக்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை மாவட்டந்தோறும் அமர்த்தும் திட்டத்தைத் தேசிய ஆணைக்குழு விரிவாக்கி வருகிறது. தென்னாப்பிரிக்கா கற்ற பாடத்தை நாமும் கற்கிறோம் எனலாம்.

ஓர் ஐயம்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நம் மக்கள்மீது வன்கொடுமை புரிவோரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள்தாமே. அவர்களுக்கும் இவ்வுரிமை வேண்டுமா என இளைஞர்கள் என்னிடம் கேட்டதுண்டு. கேட்பதில் நியாயம் உண்டு. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிந்தன. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் 1973-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையாயினர். அதே இரவில் நிகழ்ந்த வேறொரு கொலைக்காகக் கூலித் தொழிலாளர்கள் தண்டனை பெற்றனர்.

இந்த வரலாறு கற்பிப்பது யாது? வசதி படைத்தோருக்குத் தற்காப்பு உரிமை எக்காலத்திலும் இருந்தே வந்துள்ளது. அவர்கள் அதனை எந்தச் சட்டப் பிரிவிலும் தேட வேண்டியதில்லை, பணப்பெட்டியில் இருக்கிறது. அவ்வுரிமையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் அவர்களுக்கு இழப்பொன்றும் இல்லை, இழப்பவர் நாமே. நமக்கு வேண்டியது எதிரியின் வாயை அடைப்பதன்று. நம் வாயைத் திறப்பது. பாதிக்கப்பட்டவராக நிற்கும்போதும் சட்டப்பணிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நமக்கு உதவுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உள்ள உரிமைகளை விரித்துரைக்கிறது. இவ்விரு சட்டங்களையும் நம் இளைஞர்கள் ஒருசேரக் கற்றல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைப் பள்ளி நடத்தியும், நோட்டுப் புத்தகம் வழங்கியும், கல்லூரிக் கட்டணம் கட்டியும் வந்துள்ளது. இனி மாலைப் பள்ளியில் மாதம் ஒருநாளேனும் சட்ட வகுப்பு நடத்துமாறு உறுப்பினர்களை வேண்டிக்கொள்கிறேன். அங்கே கற்பிக்க வேண்டியவை கடினமானவையல்ல.

கைது செய்யும்போது காரணத்தைக் கேட்டறியுங்கள். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கச் சொல்லுங்கள். 1996-ஆம் ஆண்டு டி. கே. பாசு வழக்கின் தீர்ப்பு இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. 24 மணி நேரக் கணக்கை ஒருவர் எழுதி வையுங்கள். நடுவர் முன் நிற்கையில், எனக்கு வழக்கறிஞர் இல்லை, சட்ட உதவி வேண்டும் என்று வாய் திறந்து கூறுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறினாலும் 60 நாள், 90 நாள் கணக்கு மாறவில்லை. அது இப்போது 187-ஆம் பிரிவில் உள்ளது. குற்றத்தின் தன்மைக்கேற்ப அந்நாள் எதுவென்று வழக்கறிஞரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்நாள் கடந்தும் குற்றப்பத்திரிகை வராவிடில் உடனே மனுச் செய்யுங்கள். மனுச் செய்யுமுன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். சாதிச் சான்றிதழின் நகல் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். சட்ட உதவிக்கு அதுவே நுழைவுச் சீட்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை ஒருமுறையேனும் நேரில் சென்று பாருங்கள். ஆபத்து வராத நாளில் வழியை அறிந்தவனே ஆபத்து வந்த நாளில் அங்கே சென்று சேர்வான்.

மேலும், நம் தெருவுக்கு இருவரேனும் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வத் தொண்டராகப் பதிவு பெறுதல் வேண்டும். அதற்கு வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. மலாவி நாட்டில் எட்டுப் பேர் தொடங்கியதை நம் ஊரில் இருவர் தொடங்கலாகாதா? படிப்பில் சிறந்த நம் பிள்ளைகளை மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் மட்டுமே அனுப்பாமல், ஆண்டுக்கு ஒருவரையேனும் சட்டக் கல்லூரிக்கும் அனுப்புவோமாக. அண்ணல் அம்பேத்கர் வழக்கறிஞராக இருந்தவர் என்பதை மறத்தல் கூடாது.

நான் முன்னர்க் கூறிய அம்மாணவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டட வேலை செய்கிறான். அவன் மகள் சென்ற ஆண்டு என் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கை நாளில் விண்ணப்பத்தை என்னிடம் நீட்டியபோது அவன் எதையும் நினைவூட்டவில்லை; நானும் பேசவில்லை. அவனுக்கு நான் எழுதித் தர வேண்டியிருந்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதை அவன் மகளுக்கேனும் கற்றுத் தருவேன். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்துக்கு முன் வைக்க என்னிடம் உள்ள வேண்டுகோளும் அதுவே: இனி நம் தெருவில் எவருக்கும் வழக்குரை காதை, கொலைக்களக் காதைக்குப் பின்னே வருதல் கூடாது.